கண்டி வீதியும் காற்று வடிகட்டியும்

கண்டி மாநகரின் சரித்திரத்தைப் பேசப் புகுவோர் தலதா மாளிகையிலிருந்தோ, வாவியிலிருந்தோ, நகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளிலிருந்தோ தொடங்குவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இவற்றினும் மிகச் சிறியது. மோட்டார் வண்டியின் பொனட்டைத் திறந்தால் எஞ்சினின் மேலோ பக்கத்திலோ ஒரு பெட்டி தென்படும். அப்பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாய் அமைந்த காகிதத் துண்டொன்று இருக்கும். எஞ்சின் உட்கொள்ளும் காற்றிலிருந்து தூசியைத் தடுத்து நிறுத்துவது அதன் தொழில். எயார் பில்டர் என்று இக்காலத்தவர் கூறுவர். எயார் கிளீனர் என்று முன்னாளைய சாரதிகள் கூறினர். நாம் காற்று வடிகட்டி என்போம். அதனை வீட்டு முற்றத்திலேயே பதினைந்து நிமிடத்தில் எவரும் மாற்றிவிடலாம். இத்துணை எளிய வேலைக்கும் ஒரு சரித்திரம் உண்டா என்று நீங்கள் வினவலாம். உண்டு. அது நமது மலைநாட்டு வீதிகளின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கின்றது.

கண்டி இராச்சியம் நெடுங்காலம் தன் சுதந்திரத்தைக் காத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம், அங்கே வீதிகள் இல்லாமை. மலைப்பாதைகளை ஒற்றையடிப் பாதைகளாகவே வைத்திருப்பதை அரசர்கள் ஒரு பாதுகாப்பு முறையாகக் கையாண்டனர். கணவாய்களில் முட்கதவு அமைத்துக் காவல் வைத்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவ்வழிகளிற் சென்று அல்லலுற்றனர். ஆங்கிலேயரும் 1803 ஆம் ஆண்டில் கண்டி நகரைக் கைப்பற்றியும் அதனை நிலைநிறுத்திக்கொள்ள மாட்டாது பெருஞ்சேதம் அடைந்தனர். 1815 ஆம் ஆண்டில் கண்டி அவர்கள் வசமாயிற்று. அதன்பின் அவர்கள் உணர்ந்த முதற்பாடம், வீதியில்லாத நாட்டை ஆளமுடியாது என்பதே.

1820 ஆம் ஆண்டளவில் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதிவேலை தொடங்கிற்று. வேலையை நடத்தியவர் பொறியியற் படையைச் சேர்ந்த கப்டன் டோசன். கடுகண்ணாவைச் சரிவிலே பாறையைக் குடைந்து வழி அமைத்தனர். மலையைத் துளைத்து வருவோர்க்கே கண்டி வசப்படும் என்று மக்களிடையே ஒரு பழைய நம்பிக்கை வழங்கியதாகவும், அக்குடைவு அதனை மெய்ப்பித்ததாகவும் இன்றும் கூறுவர். டோசன் 1829 ஆம் ஆண்டில் காலமானார். கடுகண்ணாவையில் வீதியோரம் அவர் நினைவாக நிற்கும் கோபுரத்தைக் கண்டிக்குப் பயணஞ் செய்தோர் யாவரும் கண்டிருப்பர். 1832 ஆம் ஆண்டில் 72 மைல் நீளமான இவ்வீதியிலே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று.

டோசனுக்குக் கோபுரம் உண்டு. ஆனால் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின்பேரில் கல்லுடைத்த கிராமத்து மக்களுக்குக் கோபுரம் இல்லை. அந்த ஊழியமுறை 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. பின்னர் வந்த தெருவேலைகளிலும், 1867 ஆம் ஆண்டிலே கண்டியை எட்டிய புகையிரதப் பாதை வேலையிலும் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்தனர். அவர்களின் உறவினர் பலர் கோப்பித் தோட்டங்களை நாடி, மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் அனேகர். வீதி என்றால் கல்லும் மண்ணும் மாத்திரமன்று; தூசியும்தான். அக்காலத்தில் அத்தூசியைச் சுவாசித்தவர்கள் நடந்து சென்ற மனிதரும், வண்டி இழுத்த மாடுகளும் குதிரைகளுமே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இவ்விடத்துக்கே நாம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது. 1904 ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டி உடையோர் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர் என்பதிலிருந்து அதன் பெருக்கத்தை ஒருவாறு உணரலாம். தோட்டத் துரைமாரும், வைத்தியரும், வணிகரும் மலைவீதிகளில் மோட்டாரைச் செலுத்தலாயினர். அப்பொழுதுதான் தூசி ஒரு புதுத்தொல்லையாய் எழுந்தது. மக்கடம் என்பார் வகுத்த முறையில் அமைந்த வீதியிலே உடைகற்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது கல்லின் நுண்பொடி. மாட்டுவண்டியின் இரும்புப் பட்டை அப்பொடியை அழுத்திற்று. விரைந்து சுழலும் இறப்பர்ச் சக்கரமோ அதனைப் பெயர்த்து வானில் எறிந்தது. ஆகவே மோட்டார் ஓடிய தேசங்களிலெல்லாம் வீதி புழுதிப்படலமாயிற்று.

இதற்கு முதன்முதற் பரிகாரம் தேடியவர்களுள் ஒருவர் ஒரு வைத்தியர் என்பது கவனித்தற்குரியது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த டாக்டர் குக்லியெல்மினெற்றி என்பவர் 1902 ஆம் ஆண்டில் மொனாக்கோ நகரிலே வீதியின்மேல் சூடான தார் பூசிப் புழுதியை அடக்கிக் காட்டினார். தார் டாக்டர் என்று மக்கள் அவருக்குப் பெயர் சூட்டினர். வீதிக்குத் தார் பூசியது மனிதரின் மூச்சுக்காக; எஞ்சினுக்கு வடிகட்டி பொருத்தியது இயந்திரத்தின் ஆயுளுக்காக. ஒரே தூசியிலிருந்து இரு மருந்துகள் பிறந்தன என்று சொல்லலாம்.

எஞ்சினுக்குக் காற்று எதற்கு என்பதைச் சற்று விளக்குவோம். அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டும். அவ்வாறே எஞ்சினின் உருளைக்குள் பெற்றோல் எரியவும் காற்று வேண்டும். ஒரு கிலோ பெற்றோல் செவ்வையாய் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்றுத் தேவை. இதனைக் கன அளவிலே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை முக்கால் கிலோவுக்குச் சிறிது குறைவு. அது எரிவதற்கு 9,000 முதல் 10,000 லீற்றர் வரை காற்று வேண்டும். ஒரு மனிதன் ஒரு பகலும் ஓர் இரவும் உள்வாங்கும் மூச்சின் அளவும் ஏறத்தாழ அதுவே. ஆகவே, எஞ்சின் ஒரு லீற்றர் பெற்றோலைக் குடிக்கும்போது ஒரு மனிதனின் ஒருநாள் மூச்சையும் உடன் குடிக்கின்றது. கண்டியிலிருந்து கொழும்புக்கு 115 கிலோமீற்றர். லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் வண்டி அத்தூரத்தைக் கடப்பதற்குள் ஏறத்தாழ பத்து மனிதரின் ஒருநாள் மூச்சை உட்கொண்டுவிடும்.

அக்காற்றோடு தூசியும் சென்றால் விளைவு யாது? வீதித் தூசியிலே பெரும்பகுதி கல்லின் பொடி. அதிலும் படிகக்கல்லின் துகள் இரும்பினும் கடினமானது. அது உருளையின் உட்சுவரில் உள்ள எண்ணெயோடு கலந்து, சாணைக்குப் பூசும் குழம்புபோல் ஆகிவிடும். பிஸ்ரன் ஏறி இறங்குந்தோறும் அக்குழம்பு உருளையையும் பிஸ்ரன் வளையங்களையும் தேய்க்கும். வளையம் தேய்ந்தால் எண்ணெய் மேலேறி எரியும். பின்னாலே நீலப்புகை எழும். ஏற்றத்தில் வண்டி இளைக்கும். ஆரம்பகால மோட்டார் வண்டிகள் பலவற்றுக்கு வடிகட்டியே இருந்ததில்லை. ஆதலின் அவற்றின் எஞ்சினை அடிக்கடி பிரித்துத் திருத்த நேர்ந்தது.

வடிகட்டியின் தேவையை முதலில் வற்புறுத்தியது நகரத்துக் காரன்று. வயலில் உழுத இயந்திரம். அமெரிக்காவிலே உழவு இயந்திரங்களை விற்றுவந்த பிராங்க் டொனால்ட்சன் என்பவர், வறண்ட நிலத்து விவசாயி ஒருவரின் எஞ்சின் மீண்டும் மீண்டும் பழுதடைவதைக் கண்டார். காரணம் புழுதியே எனத் தெளிந்து, காற்றை வடித்து உட்செலுத்தும் கருவியொன்றைச் செய்தார். தம் பொருளிலே குறையுண்டு என்று அது பறைசாற்றுவதாய் எண்ணிய முதலாளிகள் அவரை வேலையினின்று நீக்கினர் என்று, அவர் 1915 ஆம் ஆண்டில் மினசோற்றாவிலே தொடங்கிய கம்பனியின் வரலாறு கூறுகின்றது. குறையைச் சுட்டியவனைத் தண்டித்தல் எல்லா நாட்டுக்கும் உரிய வழக்கம் போலும்.

அதன்பின் பல வகை வடிகட்டிகள் தோன்றின. அவற்றுள் நெடுங்காலம் நிலைபெற்றது எண்ணெய்த் தொட்டி வகை. ஒரு கிண்ணத்தின் அடியில் எண்ணெய் நிற்கும். உள்ளே வரும் காற்று எண்ணெயின் மேல் மோதித் திடீரெனத் திரும்பும். பாரமான தூசி திரும்பமாட்டாது எண்ணெயில் விழும். எஞ்சியது எண்ணெய் தோய்ந்த கம்பிவலையிலே ஒட்டிக்கொள்ளும். இம்முறையை மனிதன் புதிதாய்க் கண்டான் என்பதற்கில்லை. நமது மூக்கினுள்ளே மயிரும், ஈரமான சளிப்படலமும், வளைந்த வழியும் அமைந்து அதே வேலையைச் செய்கின்றன.

இரண்டாவது உலகப்போரில் பாலைவனப் புழுதி எஞ்சின்களைத் தேய்த்து அழித்தபோது, இச்சிறு கருவியின் பெருமையைச் சேனைகள் உணர்ந்தன. 1944 ஆம் ஆண்டிலே மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்து, பேராதனைப் பூங்காவிலே பாசறை அமைத்தது. அப்போரில் எங்கும் ஓடிய ஜீப் வண்டியிலே எண்ணெய்த் தொட்டி வடிகட்டியே பொருத்தப்பட்டிருந்தது. கிண்ணத்தைக் கழற்றி, சேற்றுப்படிவைக் கழுவி, புது எண்ணெயைக் குறித்த கோடுவரை ஊற்றிப் பூட்டுவது சாரதியின் வழக்கமான கடமைகளுள் ஒன்று. போருக்குப்பின் வந்த வொக்ஸ்வாகன் முதலிய பல கார்களிலும் அதே முறை நிலவிற்று. 1950களிலேதான் மடித்த காகித வடிகட்டி கார்களில் பரவத் தொடங்கிற்று. காகிதத்தை மடித்து அடுக்குவதால் சிறு பெட்டிக்குள் பெரும் பரப்பு அடங்கும், எண்ணெய் சிந்தாது, பழுதானால் எறிந்துவிட்டுப் புதிது வைக்கலாம். இன்று நாம் மாற்றுவது அதனையே.

எறிந்துவிட்டுப் புதிது வைக்கலாம் என்றேன். ஆனால் நமது நாட்டின் கதையில் அது அவ்வளவு இலகுவாய் அமையவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது மோட்டார் வண்டிகளின் இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. 1970களில் உபாலி என்னும் பெயரோடு பியற், மஸ்டா வண்டிகள் இங்கேயே பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தன. எனினும் அவை எல்லார் கைக்கும் எட்டவில்லை. 1977 ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, ஐம்பதுகளிலே வந்த மோறிஸ் மைனரும், ஒஸ்ரினும், பியூஜோவும் தந்தையிடமிருந்து மகனுக்கு வீட்டைப்போல வழங்கின. அவற்றை ஓடவைத்தது கம்பனியன்று. வீட்டுக்காரரின் கையும், சந்தியிலே ஒரு தகரக் கொட்டகையில் வேலைசெய்த பாஸின் கையும், லொறியிலே கிளீனராய்ச் சேர்ந்து சாரதியாய் உயர்ந்த இளைஞரின் கையுமே. கம்பிவலையை மண்ணெண்ணெயிற் கழுவினர். கிழிந்த இறப்பர் வளையத்துக்குப் பழைய ரியூப்பை வெட்டி வைத்தனர். கிடைக்காத உறுப்பை வார்ப்பித்தனர். இத்திறமை வீண்போகவில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மோறிஸ் மைனர் நிலையத்துக்கு வேண்டிய உறுப்புகள் இலங்கையிலேயே செய்விக்கப்பட்டன. மோறிஸ் பிறந்த நாட்டுக்கு நமது தொழிலாளர் உறுப்புகளை அனுப்பிவைத்தனர்.

வரலாறு திரும்பவும் வந்தது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடையிலே 2022 ஆம் ஆண்டு வந்தது. பெற்றோலுக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்ற ஆண்டு அது. காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அட்டையிலே அளந்து கொடுத்தனர். உதிரிப்பாகங்களின் விலை பன்மடங்காயிற்று. பழைய வண்டியைப் பேணத் தெரிந்த குடும்பம் சிறிது மூச்சுவிட்டது. தெரியாத குடும்பம் தவித்தது. பாடசாலைக் கல்வியிலே கைவேலைக்கு உரிய இடம் உண்டு என்று மூத்த ஆசிரியர்கள் கூறிவந்ததன் பொருள் அவ்வாண்டிலே பலருக்கு விளங்கிற்று.

இனி அவ்வேலையை எவ்வாறு செய்வது என்று கூறுவேன். முதலில் எஞ்சினை நிறுத்தி நன்றாய் ஆறவிடுங்கள். சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வையுங்கள். பொனட்டைத் திறந்து அதன் தாங்குகோலைச் செவ்வையாய்ப் பொருத்துங்கள். பழைய காரானால், கார்புரேற்றரின் மேல் தட்டுப்போன்ற வட்டமான பெட்டியும், அதன் நடுவிலே கையாற் சுழற்றும் செவிவைத்த ஆணியும் காணப்படும். இக்காலக் காரானால், கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டியொன்று, உலோகக் கொளுவிகளாலோ ஆணிகளாலோ பூட்டியிருக்கும். அதிலிருந்து தடித்த இறப்பர்க் குழாய் எஞ்சினுக்குச் செல்லும். குழாயோரம் மின்கம்பி பொருத்திய சிறு உணர்கருவி இருந்தால் அதனைப் பிடித்து இழுக்கலாகாது. கொளுவிகளை விடுவித்து மூடியை உயர்த்துங்கள். வடிகட்டி எப்பக்கம் மேலாய் இருந்தது என்பதைக் கவனித்து வெளியே எடுங்கள்.

எடுத்ததை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகளினூடே ஒளி தெரிந்தால் இன்னுஞ் சிலகாலம் உதவும். ஒளி மங்கிக் காகிதம் கறுத்தோ, எண்ணெய் தோய்ந்தோ, கிழிந்தோ இருந்தால் அதன் காலம் முடிந்தது. காய்ந்த இலையும், பூச்சியின் சிறகும், சிலவேளை எலி கொண்டுசேர்த்த பஞ்சும் அதிலே கிடைக்கும். காகித வடிகட்டியை நீரிலே கழுவலாகாது; நனைந்த காகிதத்தின் நுண்துளை குலைந்துவிடும். பலத்த காற்றை ஊதியடிப்பதாலும் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் உண்டாகலாம். பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியாலே துடையுங்கள். எஞ்சினுக்குச் செல்லும் வாயினுள் தூசி வீழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புதிய வடிகட்டியை வைத்து, அதன் இறப்பர் விளிம்பு நாற்புறமும் பள்ளத்திலே சமமாய் அமர்ந்ததா என்று விரலால் தடவி அறியுங்கள். வேலையின் உயிர்நிலை இதுவே. விளிம்பு ஓரிடத்தில் உயர்ந்து நின்றால் காற்று அவ்விடைவெளியாலேயே நுழையும். நன்கு மூடப்பட்ட பழைய வடிகட்டியைவிட, சரியாய் அமராத புதிய வடிகட்டி கேடு விளைக்கும். பின்னர் கொளுவிகளைப் பூட்டி, கைவிட்ட கருவி எதுவும் உள்ளே கிடக்கின்றதா என்று பார்த்து, பொனட்டை மூடுங்கள். வடிகட்டி இல்லாமல் ஒருபோதும் எஞ்சினை ஓட்டவேண்டாம். கார்புரேற்றர் வண்டிகளிலே தீ பின்வாங்கி எழும்போது அதனைத் தடுப்பதும் அவ்வடிகட்டியும் அதன் பெட்டியுமே.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது? உங்கள் காரின் கைநூல் கூறும் தூரமே அளவு. ஜப்பானிலிருந்து பாவித்தபின் வந்த வண்டிகளின் கைநூல் ஜப்பானிய மொழியில் இருப்பதால், விற்பனையாளரிடமோ அனுபவமுள்ள பாஸிடமோ கேட்டறிதல் நன்று. தோட்டத்துப் பாதையிலும் கற்குழிப் பக்கத்திலும் நாளும் ஓடும் வண்டிக்கு அத்தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் அளவுக்கு மிஞ்சி அடிக்கடி மாற்றுவதும் பயனற்றது. காகிதத்தின்மேல் படியும் முதற்றூசியே அதன் துளைகளை இன்னும் நுண்ணியனவாக்கி, பின்வருந் தூசியை மேலும் நன்றாய்த் தடுக்கும்.

பெற்றோல் மிச்சமாகும் என்று கூறி வடிகட்டியை விற்போரும் உளர். இதில் ஒரு பாதியே உண்மை. அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தார் 2009 ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தனர். கார்புரேற்றர் பூட்டிய பழைய காரிலே அடைபட்ட வடிகட்டியால் எரிபொருட் செலவு நூற்றுக்கு இரண்டு முதல் ஆறு பங்குவரை கூடிற்று. கணினி அளந்து பெற்றோலைப் பாய்ச்சும் புதிய கார்களிலோ செலவிலே வேறுபாடு காணப்படவில்லை. வேகம் எடுக்கும் ஆற்றலே குறைந்தது. ஆகவே கொழும்பின் சமதரையில் உணராத குறையைக் கடுகண்ணாவை ஏற்றத்திலும், மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளிலும் நீங்கள் உணர்வீர்கள். மலை ஏற ஏறக் காற்றும் ஐதாகின்றது. கடலிலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அது சிறிது. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஐந்திலொரு பங்கு. அங்கே அடைபட்ட வடிகட்டி, மெலிந்தவன் தலையிற் சுமையேற்றியதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் எஞ்சினின் மூச்சைப் பற்றியவை. இனி, முன்னே நினைவில் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருவோம். கண்டி நகர் மலைகளால் சூழப்பட்ட ஒரு கிண்ணம். மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வாவியை அமைத்த காலத்தில் அக்கிண்ணத்தில் நிறைந்திருந்தது குளிர்ந்த மலைக்காற்று. இன்று அதே கிண்ணத்துள், ஒடுங்கிய வீதிகளிலே, கொழும்பிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் தெல்தெனியவிலிருந்தும் வந்து சேரும் வாகனங்கள் நிரையாய் நின்று புகை கக்குகின்றன. வைகறையிலே தரையோடு குளிர்காற்றுத் தங்கி, மேலே சூடான காற்று மூடிபோல நிற்கும். புகை வெளியேற வழியில்லை. கண்டியின் காற்று மாசடைவதற்கு அதன் நில அமைப்பும் போக்குவரத்து நெரிசலும் காரணம் எனப் பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் பலகாலும் எடுத்துக்காட்டி வந்துள்ளனர்.

நாடு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நீதியாகாது. 2002 ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெற்றோல் ஒழிக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டுமுதல் வருடாந்த வரி அனுமதிப் பத்திரத்துக்குப் புகைச் சோதனை கட்டாயமாயிற்று. அச்சோதனையிலே பழைய கார்புரேற்றர் வண்டிகள் தவறுவதற்கு அடைபட்ட காற்று வடிகட்டியும் ஒரு காரணம். காற்றுக் குறைந்தால் பெற்றோல் முற்றாய் எரியாது காபன் மொனொக்சைட்டாய் வெளிவரும். ஆகவே முற்றத்திலே நீங்கள் செய்யும் அச்சிறுவேலை, உங்கள் எஞ்சினை மாத்திரமன்றி அயலவர் மூச்சையும் ஓரளவு காக்கின்றது.

ஓரளவு என்றே சொல்கின்றேன். எஞ்சினின் வடிகட்டி உள்ளே செல்லும் தூசியைத் தடுக்குமேயன்றி வெளியே வரும் புகையைத் தடுக்காது. அப்புகையிலுள்ள நுண்துகள், வீதித் தூசிபோல் மூக்கின் மயிரிலும் சளியிலும் சிக்குவதன்று; நேரே நுரையீரலின் அடிவரை செல்வது. அத்தகைய மிக நுண்ணிய துகள், ஓராண்டின் சராசரியிலே, ஒரு கன மீற்றர் காற்றில் 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் வரையறுத்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் இயந்திரத்தின் நலங்கருதி வடிகட்டி கண்ட மனித அறிவு, வீதியோரம் நடப்பவனுக்கு இன்னும் அதற்கீடான காவலைத் தரவில்லை. அன்று மாத்தளை வழியே நடந்து வந்த தொழிலாளி சுவாசித்தது மண்தூசி. இன்று அவன் கொள்ளுப்பேரப்பிள்ளை புத்தகப் பையோடு பஸ்தரிப்பிலே நின்று சுவாசிப்பது அதனினும் நுண்ணியதும் கொடியதுமாகும்.

ஒரு பாடசாலை அதிபர் என்ற முறையில் காலை ஏழு மணிக்கும் பகல் ஒன்றரை மணிக்கும் பாடசாலை வாயிலில் நிற்பது என் கடமை. அவ்வேளைகளிலே கார்களும் வான்களும் முச்சக்கர வண்டிகளும் எஞ்சினை ஓடவிட்டபடியே பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கின்றன. ஆறு வயதுக் குழந்தையின் முகம் புகைக்குழாயின் உயரத்துக்கு வெகுதூரம் மேலே இல்லை. இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாவியை ஒருமுறை திருப்பினாற் போதும்.

ஆதலின் நேயர்களே, வருகின்ற விடுமுறை நாளொன்றில் உங்கள் காரின் பொனட்டைத் திறவுங்கள். மகனை மாத்திரமன்றி மகளையும் அருகில் அழையுங்கள். பழைய வடிகட்டியை அவர்கள் கையிற் கொடுத்து, அது எதைத் தடுத்து நிறுத்தியது என்று காட்டுங்கள். டோசனின் வீதியையும், அதனை அமைத்தோரின் உழைப்பையும், பஞ்சகாலத்திலே பழைய வண்டியைக் காத்த கைகளையும் அப்பொழுது அவர்களுக்குச் சொல்லலாம். புதிய வடிகட்டியை அவர்களே பொருத்தட்டும். மறுநாட் காலையில் பாடசாலை வாயிலை அடைந்ததும் எஞ்சினை நிறுத்துங்கள்.